சந்தேகப்படுகிறவரைச் சரியாகச் சொல்ல: ‘ரெஸெலோஸோ’ என்ற ஸ்பானிய உரிச்சொல்லைப் பழகும் முறை

ஸ்பெயினில் ஒரு நண்பருடன் சேர்ந்து வாடகைக்கு வீடு தேடிய காலத்தில், ஒப்பந்தத்தில் இருந்த ஒரு விதி நண்பருக்கு உறுத்தியது. கையெழுத்திடத் தயங்கினார். “என் நண்பருக்குக் கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது” என்று வீட்டு உரிமையாளருக்கு எழுதினேன். அப்படித்தான் எழுதியதாக நினைத்தேன். நான் இட்ட சொல் ‘ஸொஸ்பெச்சோஸோ’. உரிமையாளர் படித்ததோ “என் நண்பர் கொஞ்சம் சந்தேகத்துக்குரிய ஆள்” என்ற வாக்கியத்தை. மறுநாளே நண்பரின் சம்பளச் சீட்டுகளையும், முன்பு குடியிருந்த வீட்டிலிருந்து நன்னடத்தைக் கடிதத்தையும் கேட்டுப் பதில் வந்தது. நண்பர் நேர்மையானவர். அவர் பெயருக்கு நானே களங்கம் தேடித் தந்துவிட்டேன் என்பது இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

நான் தேடியிருக்க வேண்டிய சொல் ‘ரெஸெலோஸோ’. நம்பாமல், சற்று அஞ்சி, ஒதுங்கி நின்று பார்க்கும் மனநிலையில் இருப்பவரைக் குறிக்கும் உரிச்சொல் அது. அதைச் சரியாகக் கையாளப் பல மாதங்கள் பிடித்தன. இந்த வரிசையில் போனால் உங்களுக்கு மூன்று வாரம் போதும் என்று நம்புகிறேன்.

1. சந்தேகம் யார் மனத்தில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்

இந்த ஒரு படியைத் தாண்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆகவே இங்கே நிதானமாக நில்லுங்கள்.

நம்மில் பலர் ஸ்பானிய மொழியை ஆங்கிலத்தின் வழியாகக் கற்கிறோம். ஆங்கிலத்தில் சந்தேகப்படுகிறவருக்கும் சந்தேகத்துக்கு ஆளானவருக்கும் ‘சஸ்பிஷஸ்’ என்ற ஒரே உரிச்சொல் போதும். ஸ்பானிய மொழி இரண்டையும் பிரித்து வைக்கிறது. சந்தேகப்படுகிறவர் ‘ரெஸெலோஸோ’. பிறருடைய சந்தேகத்தைக் கிளப்புகிறவர் ‘ஸொஸ்பெச்சோஸோ’. காவல்துறைச் செய்திகளில் ‘எல் ஸொஸ்பெச்சோஸோ’ என்று வருபவர் இவர்தான்.

தமிழிலும் இந்தப் பிரிவு இருக்கிறது. “அவர் ஒரு சந்தேகப் பிராணி” என்றால் சந்தேகம் அவருக்குள் இருக்கிறது. இலங்கைச் செய்தித்தாள்களில் “சந்தேக நபர் கைது” என்று படித்தால் சந்தேகம் அவர்மேல் விழுந்திருக்கிறது. இரண்டிலும் முன்னால் நிற்பது ‘சந்தேக’ என்ற அதே சொல்தான்; ஆனாலும் திசை மாறிப் படிப்பவர் எவரும் இல்லை. அந்தப் பழக்கத்தை அப்படியே ஸ்பானிய மொழிக்குக் கொண்டுபோங்கள். சந்தேகப் பிராணி என்றால் ரெஸெலோஸோ. சந்தேக நபர் என்றால் ஸொஸ்பெச்சோஸோ. நடுவில் ஆங்கிலச் சொல்லை நுழைய விடாதீர்கள். ஆங்கில விளக்கம் தரும் அகராதியில் தேடினால் இரண்டும் ஒரே இடத்தில் அருகருகே வந்து நிற்கும்; கண்ணுக்குப் பழகிய சொல்லைக் கை எடுத்துக்கொள்ளும். எனக்கு நேர்ந்தது அதுதான்.

இன்னும் ஒரு வேறுபாடு உண்டு. வகுப்பில் கை உயர்த்தி “ஒரு சந்தேகம்” என்று கேட்கிறோமே, அந்தச் சந்தேகத்துக்கும் இந்த இரண்டு சொற்களுக்கும் தொடர்பே இல்லை. அதற்கு ஸ்பானிய மொழியில் ‘தூதா’. “தெங்கோ ஊனா தூதா” என்றால் “எனக்கு ஒரு சந்தேகம்”. தமிழ் வாக்கியம் அப்படியே பொருந்தும் அருமையான இடம் இது, தயங்காமல் சொல்லுங்கள்.

2. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை, செலவு, நேரம்

செலவு ஒரு குறிப்பேட்டுக்கு மட்டும்தான். மற்றவை இணையத்தில் இலவசம்.

முதலாவது, ஸ்பானிய அரச மொழிக் கழகத்தின் அகராதி. அதில் ‘ரெஸெலோஸோ’ என்று தேடினால் ‘ரெஸெலோ’ கொண்டவர் என்று சுருக்கமாக முடித்துவிடும். அதோடு நிறுத்தாமல் ‘ரெஸெலார்’ என்ற வினைச்சொல்லையும் தேடுங்கள். அஞ்சுதல், நம்பாதிருத்தல், சந்தேகித்தல் ஆகிய மூன்றையும் சேர்த்து அங்கே பொருள் சொல்லியிருப்பார்கள். அந்த மூன்றும் கலந்த கலவைதான் நம் சொல். அச்சம் அதில் ஓர் அங்கம் என்பதை மறவாதீர்கள்.

இரண்டாவது, அதே கழகத்தின் ‘கோர்பெஸ்’ என்ற சொற்றொகுப்பு. 2001 முதல் எழுதப்பட்டவற்றிலிருந்து உண்மையான வாக்கியங்களைத் திரட்டி வைத்திருக்கிறார்கள். நாடுவாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். மெக்சிகோவில் எழுதுகிறவர் எப்படிச் சொல்கிறார், அர்ஜென்டினாவில் எப்படி என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பாடப்புத்தகம் தரும் இரண்டு உதாரணங்களைவிட இது பல மடங்கு பயன் தரும்.

மூன்றாவது, குறிப்பேடு. ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு பத்திகள் போடுங்கள்: யார் சந்தேகப்படுகிறார், எதைப் பற்றி, அது சுபாவமா இப்போதைய நிலையா, முழு ஸ்பானிய வாக்கியம். முதல் மூன்றையும் தமிழில் நிரப்பிய பிறகே நான்காவதைத் தொடுங்கள்.

நாளுக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். முதல் வாரம் 1 முதல் 5 வரையிலான படிகள். இரண்டாம் வாரம் முழுவதும் 6, 7. மூன்றாம் வாரம் மீதி. பணம் கொடுத்து ஆசிரியரிடம் திருத்தம் வாங்குவதாக இருந்தால் மூன்றாம் வாரத்தில் வாங்குங்கள். முதல் வாரமே போனால், நீங்களே கண்டுபிடித்திருக்கக்கூடிய பிழைகளுக்குக் காசு கொடுப்பீர்கள்.

3. வாயில் சரியாக வர வேண்டும்

நான்கு அசைகள்: ரெ-ஸெ-லோ-ஸோ. அழுத்தம் மூன்றாவதான ‘லோ’வில். சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘ரெ’ நம் ரகரம்போல் ஒருமுறை தட்டிவிட்டு நிற்பதில்லை. நாக்கு நுனி பலமுறை அதிர வேண்டும். கடைசி ‘ஸோ’ தெளிவான ஸகரம். ஆங்கிலப் பழக்கத்தில் அதை ‘z’ போல அதிரவைத்து ஒலிப்பவர்கள் உண்டு. ஸ்பானிய மொழியில் அது வேண்டாம்.

இரண்டாவது அசையில்தான் நாடு தெரியும். ஸ்பெயினின் பெரும்பகுதியில் அதை நாக்கு நுனியைப் பற்களுக்கிடையே வைத்துக் காற்றை விட்டு ஒலிப்பார்கள். நம் காதுக்கு ஏறக்குறைய ‘ரெத்தெலோஸோ’ என்று கேட்கும். லத்தீன் அமெரிக்கா முழுவதும் ‘ரெஸெலோஸோ’தான். இரண்டும் சரி. ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லாச் சொற்களிலும் அதையே பின்பற்றுங்கள். இந்தக் கட்டுரையில் நான் எழுதியிருப்பது லத்தீன் அமெரிக்க ஒலிப்பு.

4. பாலும் எண்ணும்

ஆணுக்கு ரெஸெலோஸோ, பெண்ணுக்கு ரெஸெலோஸா. பன்மையில் ரெஸெலோஸோஸ், ரெஸெலோஸாஸ். ஆணும் பெண்ணும் கலந்த குழுவுக்கு ஆண்பால் பன்மை. பார்வை, மனப்பான்மை போன்ற பெயர்ச்சொற்களோடும் இச்சொல் வரும். அப்போது அந்தப் பெயர்ச்சொல்லின் பாலைப் பின்பற்றும். பார்வை என்னும் ‘மிராதா’ பெண்பால். ஆகவே ஆண் பார்த்தாலும் அது ‘ஊனா மிராதா ரெஸெலோஸா’தான். உரிச்சொல் பெயருக்குப் பின்னால் வருவது வழக்கம்.

5. சுபாவமா, இப்போதைய நிலையா?

‘இருத்தல்’ என்ற பொருள் தரும் ‘ஸெர்’, ‘எஸ்தார்’ என்ற இரண்டு வினைச்சொற்களால் எல்லோரும் அல்லல்படுகிறார்கள். ‘அவர் இருக்கிறார்’ என்னும் இடத்தில் முதலாவது ‘எஸ்’ என்றும் இரண்டாவது ‘எஸ்தா’ என்றும் வரும். இந்த உரிச்சொல்லைப் பொறுத்தவரை அது எளிது.

“மி தீயோ எஸ் ரெஸெலோஸோ”: என் மாமா சந்தேக சுபாவம் உள்ளவர். பிறவிக் குணம்போலச் சொல்கிறோம்.

“மி தீயோ எஸ்தா ரெஸெலோஸோ”: என் மாமா இப்போது ஏதோ ஒன்றால் சந்தேகத்தோடு இருக்கிறார். நாளை தெளிந்துவிடலாம்.

என் கடிதத்தில் இன்னொரு பிழையும் இருந்தது. நான் போட்டது ‘எஸ்’. அதாவது, சந்தேகத்துக்குரியவர் என்றது போதாதென்று அதை அவருடைய நிரந்தரக் குணமாகவும் ஆக்கியிருந்தேன். ஒருவரைப் பற்றி உறுதியாகத் தெரியாதபோது ‘எஸ்தா’ பக்கம் சாய்வதே நியாயம். ஒரு நாள் தயங்கியதற்காக வாழ்நாள் முத்திரை குத்த வேண்டாம்.

வேறு சில வினைச்சொற்களும் இதனோடு இயல்பாக வரும். ‘ஸே மொஸ்த்ரோ ரெஸெலோஸோ’ என்றால் ‘சந்தேகத்தை வெளிக்காட்டினார்’. பத்திரிகைகளில் இதை அடிக்கடி பார்ப்பீர்கள். அரசியல் பேச்சுவார்த்தை, புதிய சட்டம், கட்சிகளின் எதிர்வினை என்று வரும் இடங்களிலெல்லாம் இது இருக்கும். ‘ஸே போல்பியோ ரெஸெலோஸோ’ என்றால் ‘நாளடைவில் அப்படி மாறிப்போனார்’.

6. எதைப் பற்றிய சந்தேகம்: ‘தெ’யும் அதன் பின்னால் வருவதும்

இது மிகக் கடினமான படி. ஒரு வாரம் முழுவதும் கொடுக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

சந்தேகத்தின் இலக்கைச் சொல்ல ‘தெ’ என்ற முன்னிடைச்சொல் வேண்டும். “ரெஸெலோஸோ தெ ஸுஸ் பெஸினோஸ்” என்றால் “தன் அண்டைவீட்டாரை நம்பாதவர்”. தமிழில் ஐ உருபு வரும் இடத்தில் ஸ்பானிய மொழியில் ‘தெ’ வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு திட்டம், ஒரு யோசனை, ஒரு மாற்றம் எதிரே வந்து நிற்கும்போது ‘ஆன்தே’யும் வரும்: “ரெஸெலோஸோ ஆன்தே லா ப்ரொபுவெஸ்தா”, அதாவது அந்த யோசனையைக் கண்டு தயங்குகிறவர்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ‘ஸொஸ்பெச்சோஸோ’வுக்குப் பின்னாலும் ‘தெ’ வரும், ஆனால் திசை தலைகீழ். “ஸொஸ்பெச்சோஸோ தெ ரோபோ” என்றால் திருடியிருப்பார் என்று பிறரால் சந்தேகிக்கப்படுகிறவர். முன்னிடைச்சொல் ஒன்றுதான் என்பதால் பொருளும் ஒன்றுதான் என்று ஏமாந்துவிடாதீர்கள்.

சந்தேகத்தின் இலக்கு ஒரு பெயராக இல்லாமல் ஒரு நிகழ்ச்சியாக இருந்தால் ‘தெ கே’ போட்டு, அதன்பின் வினைச்சொல்லை ‘ஸுப்ஹுந்தீபோ’ வடிவத்தில் (நடப்பதாக உறுதி சொல்லாமல் ஐயம், அச்சம் போன்றவற்றைக் காட்டும் வினை வடிவம்) அமைக்க வேண்டும். “எஸ்தா ரெஸெலோஸோ தெ கே லோ எங்கான்யென்”: தன்னை ஏமாற்றிவிடுவார்களோ என்று சந்தேகத்தோடு இருக்கிறார். சாதாரண வடிவமான ‘எங்கான்யான்’ இங்கே பொருந்தாது.

அந்த வடிவம் ஏன் என்று இலக்கண நூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும். எனக்கு விளங்கியது தமிழால்தான். மேலே உள்ள தமிழ் வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். “ஏமாற்றிவிடுவார்களோ” என்ற சொல்லின் இறுதியில் நிற்கும் அந்த ஓகாரத்தைக் கவனியுங்கள். “ஏமாற்றுகிறார்கள் என்று” சொன்னால் அது நடக்கிறது என்ற முடிவு. “ஏமாற்றுவார்களோ என்று” சொன்னால் அது இன்னும் மனத்தில் மட்டும் இருக்கும் அச்சம். ரெஸெலோஸோ என்ற சொல்லின் பின்னால் ஸ்பானிய மொழி கேட்பது இந்த ஓகாரத்தைத்தான். வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஓகாரம் இயல்பாக வந்தால் அங்கே ஸுப்ஹுந்தீபோ. எல்லா ஸுப்ஹுந்தீபோவுக்கும் இந்த வழி பொருந்தாது. அஞ்சித் தயங்கும் இந்த வகை வாக்கியங்களில் எனக்கு நன்றாகக் கைகொடுத்திருக்கிறது.

‘தெ கே’யில் உள்ள ‘தெ’யை விழுங்கிவிடுவதும் பரவலான பிழை. பேச்சு வேகத்தில் அது நழுவும். எழுத்தில் நழுவினால் தேர்வில் மதிப்பெண் போகும்.

7. “சந்தேகத்தோடு பார்த்தாள்” என்று சொல்வது எப்படி?

தமிழில் வினைக்கு அடைமொழியாக ‘சந்தேகமாக’, ‘சந்தேகத்தோடு’ என்கிறோம். உடனே நம் கை ஸ்பானிய வினையடையைத் தேடி ‘மென்தே’ ஒட்டுக்குப் போகும். ‘ரெஸெலோஸமென்தே’ என்று ஆக்குவது இலக்கணப்படி தவறில்லை. ஆனால் கனமாக ஒலிக்கும்.

ஸ்பானியர்கள் இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். ஒன்று, ‘ரெஸெலோ’ (சந்தேகம்) என்ற பெயர்ச்சொல்லுக்கு முன்னால், நம் ‘ஓடு’ உருபுபோல ‘கொன்’: “லோ மிரோ கொன் ரெஸெலோ”. இது யார் பார்த்தாலும் மாறாது. தொடக்கத்தில் இதையே பயன்படுத்துங்கள். இரண்டாவது, உரிச்சொல்லையே வினைக்குப் பின்னால் நிறுத்துவது: “ஆனா லோ மிரோ ரெஸெலோஸா”. சந்தேகத்தோடு பார்த்தவள் ஆனா என்பதால் பெண்பால். பார்க்கப்பட்டவன் ஆண் என்பதால் ‘ரெஸெலோஸோ’ என்று மாற்றிவிட்டால், சந்தேகம் அவன் பக்கம் போய்விடும். கதைகளில் இந்த அமைப்பு அழகாக வரும். ஒரே எழுத்து யாருடைய மனத்தில் என்ன இருக்கிறது என்று காட்டிவிடுகிறது.

8. உறவுச் சொற்களை ஒன்றொன்றாகச் சேருங்கள்

ரெஸெலோஸோ கைக்குள் வந்த பிறகே இங்கே வாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் படித்தால் ஒன்றும் தங்காது.

‘தெஸ்கொன்ஃபியாதோ’ என்றால் எளிதில் நம்பாதவர். அச்சம் இருக்க வேண்டியதில்லை, நம்பிக்கை இல்லாமை போதும். அன்றாடப் பேச்சில் நீங்கள் அதிகம் கேட்கப்போவது இதைத்தான். இதன் வடிவம் செயப்பாட்டு எச்சம்போல் தோன்றுவதால் ‘நம்பப்படாதவர்’ என்று பொருள் கொள்ளத் தோன்றும். அப்படியில்லை, நம்பாமல் இருப்பவர் இவர்தான்.

‘ஸுஸ்பிகாஸ்’ என்பவர் பிறர் சொல்லிலும் செயலிலும் உள்நோக்கம் தேடுகிறவர். “நல்ல சட்டை” என்று பாராட்டினால்கூட ஏன் சொன்னார் என்று யோசிப்பவர். ஆண், பெண் இருவருக்கும் ஒரே வடிவம், பன்மையில் ‘ஸுஸ்பிகாஸெஸ்’. எழுத்தில் கடைசி மெய்யெழுத்து பன்மையில் மாறும், அதைக் கவனியுங்கள். ஒதுங்கி நிற்கும் பூனையை ரெஸெலோஸோ என்று தாராளமாகச் சொல்லலாம். உள்நோக்கம் தேட மனித மனம் வேண்டும் என்பதால் பூனைக்கு ஸுஸ்பிகாஸ் பொருந்தாது.

‘எஸ்கமாதோ’, ‘மொஸ்கேயாதோ’ இரண்டும் சந்தேகம் தட்டியவரைக் குறிக்க ஸ்பெயினில் வரும் பேச்சுவழக்கு. முதலாவதின் வேர் மீன் செதில், இரண்டாவதின் வேர் ஈ. “காதின் பின்னால் ஈ இருக்கிறது” என்ற பொருளில் “தெனேர் லா மோஸ்கா தெத்ராஸ் தெ லா ஒரேஹா” என்று ஒரு வழக்கு உண்டு. மனத்தில் சந்தேகம் ரீங்கரிக்கிறது என்று அர்த்தம். மொஸ்கேயாதோவுக்குக் கோபமாக இருப்பவர் என்ற பொருளும் இருப்பதால் சூழலைப் பாருங்கள். நண்பர்களிடம் இவற்றைச் சொல்லலாம். அலுவலகக் கடிதத்திலும் தேர்வுக் கட்டுரையிலும் வேண்டாம்.

ஒரு பழமொழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: “காதோ எஸ்கல்தாதோ தெல் ஆகுவா ஃப்ரீயா ஊயே”. வெந்நீர் பட்ட பூனை தண்ணீரைக் கண்டாலும் ஓடும் என்பது பொருள். நம் ‘சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது’ அங்கேயும் உட்கார்ந்திருப்பதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது! ஒருவர் ஏன் ரெஸெலோஸோ ஆனார் என்று விளக்க இதைவிடப் பொருத்தமான வாக்கியம் கிடையாது.

9. ‘ஸெலோஸோ’விடம் எச்சரிக்கை

தனிப் படியாக இதை வைப்பதற்குக் காரணம் உண்டு. ரெஸெலோஸோவின் முதல் அசை விழுந்துவிட்டால் எஞ்சுவது ‘ஸெலோஸோ’. அதற்குப் பொருள் பொறாமைக்காரர், அல்லது காதலில் ஐயுறுபவர். புதிய வேலைத்திட்டத்தைக் கண்டு தயங்கிய ஒரு பெண்ணைப் பற்றிப் பேசும்போது, வேகத்தில் ‘ரெ’யைச் சரியாக அதிரவிடாமல் விட்டேன். “அவள் பொறாமைப்படுகிறாள்” என்று கேட்டவர்கள் புரிந்துகொண்டார்கள். அவள் முகம் மாறியது. விளக்கம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதானே. மூன்றாம் படியில் ‘ரெ’யை வலியுறுத்தியது இதற்காகத்தான். நாக்கு அதிர மறுத்தால், பழகும்வரை அந்த இடத்தில் தெஸ்கொன்ஃபியாதோவைச் சொல்லிவிடுங்கள்.

10. கடிதத்தில் எழுதும்போது

இலக்கணம் முழுவதும் சரியாக இருந்தும் கடிதம் காயப்படுத்தலாம். “உங்களைப் பற்றி நாங்கள் ரெஸெலோஸோஸ்” என்று ஒருவருக்கே எழுதினால், அவர் முகத்தைப் பார்த்து நம்பவில்லை என்று சொன்னதாகிறது. ஆகவே சந்தேகத்தின் இலக்கை மனிதரிடமிருந்து பொருளுக்கு நகர்த்துங்கள்: ஒரு விதி, ஒரு தொகை, ஒரு தேதி. முன்னால் ‘அல்கோ’ சேருங்கள். ‘சற்று’ என்ற மென்மை வரும். உங்களைப் பற்றியே எழுதுவதாக இருந்தால் உரிச்சொல்லை விட்டுவிட்டு ‘தூதாஸ்’ என்ற பன்மைப் பெயரை எடுத்து, சில ஐயங்கள் மீதம் உள்ளன என்று எழுதுவது இன்னும் நல்லது.

அனுப்புவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். வாக்கியத்தில் உள்ள உரிச்சொல்லைச் சுற்றி வட்டமிட்டு, சந்தேகம் யார் மனத்தில் இருக்கிறதோ அவர் பெயருக்கு ஓர் அம்பு போடுங்கள். அம்பு வேறு ஆளிடம் போனால் சொல் தவறு.

அன்று நான் எழுதியிருக்க வேண்டிய வாக்கியம் இது: “மி கொம்பன்யேரோ எஸ்தா அல்கோ ரெஸெலோஸோ ஆன்தே எஸ்தா க்ளௌஸுலா தெல் கொன்த்ராதோ.” என் நண்பர் ஒப்பந்தத்தின் இந்த விதியைக் கண்டு சற்றுத் தயங்குகிறார். அதன் கீழே, விதியை விளக்கும்படி ஒரு வரி. எனக்குப் பதிலாக உங்களில் யாராவது இதைச் சரியாக அனுப்பினால், உங்கள் நண்பரிடம் யாரும் நன்னடத்தைக் கடிதம் கேட்க மாட்டார்கள்.